பஸ்ஸில் நான் அம்மா இல்லை

வில்லோ பெண்ட்,
பிப்ரவரி 2, ஞாயிறு மதியம்.

என் செல்ல மகன் கெல்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பு அளவில் சுகம், மனசு அளவில் முக்கால்வாசி சுகம், மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. அங்கே வெயிலில் நீயும் என் மருமகள் மேவும் என் தங்கக்கட்டி டெஸ்ஸும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நாள்தோறும் கடவுளை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். இங்கே நாலு நாளாக மைனஸ் முப்பத்திரண்டு, மூக்கு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உன் அப்பா இடுப்பு வலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் ஹாக்கி ஆடத் தெருக்கோடி மைதானத்தில் தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டப் போய்விடுகிறார், வீட்டில் ஒரு வாளி தூக்கச் சொன்னால் மட்டும் இடுப்புக்கு ஞாபகம் வந்துவிடும். கீழ் அறையில் முட்டைக்கோஸைப் புளிக்கப் போட்டிருக்கிறார், வாசனை மாடிவரை வருகிறது, விருந்தாளி யாரும் வருவதில்லை, அதுவும் ஒரு நிம்மதிதான்.

போன வாரம் போனில் முகம் பார்த்துப் பேசினோமே, அப்போதே கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. திரையில் உன் முகம் பெரிதாக வந்து நின்றதும் டெஸ்ஸுக்குப் பல் விழுந்ததா என்று கேட்டு முடித்துக்கொண்டேன். உன் அப்பா என்னைக் கேள்வி கேட்கவே பிறந்தவள் என்பார், உண்மைதான், கோல்கீப்பர் பையன் ஏன் ஐஸில் போட்டிருக்கும் சிவப்புக் கோடுகளை மிதிக்காமல் தாண்டுகிறான் என்று நாலு வருஷம் விடாமல் கேட்டு நாலு கோல்கீப்பரிடம் நாலு பதில் வாங்கியவள் நான். ஆனால் பதிமூன்று வருஷமாக ஒரே ஒரு கேள்வியை உன்னிடம் கேட்காமல் வைத்திருக்கிறேன். பதினாறு வயசில், நம் ஊர் ஹாக்கி டீமின் புதுப் பையன்களிலேயே அதிக கோல் போட்டவன் நீ, இருபத்தொன்பது ஆட்டத்தில் பதினொன்று, அந்தக் கிறிஸ்துமஸுக்கு விளையாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து முழங்கால் வலிக்கிறது, இனி விளையாடமாட்டேன் என்றாய். நானும் அப்பாவும் உன்னை சஸ்கட்டூன் வரை கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினோம், அவர் படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு முழங்காலில் ஒரு குறையும் இல்லை என்றார். நீ வலிக்கிறது என்றாய். அப்பா உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றார். அதற்கப்புறம் நீ ஐஸ் பக்கமே போகவில்லை, கடைசியில் ஐஸே இல்லாத ஊராகப் பார்த்துக் குடிபோய்விட்டாய். உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன், ஆனால் எனக்கு என்ன தெரியும் என்பதை முதலில் நான் சொல்லிவிட வேண்டும், அதுதான் நியாயம்.

செப்டம்பரில் லீக்கிலிருந்து ஓர் உத்தரவு வந்தது, பையன்களைச் சுற்றி இருக்கும் பெரியவர்கள் எல்லாரும், கோச், டாக்டர், வெளியூர்ப் பையன்களைத் தங்க வைக்கிற வீட்டுக்காரர்கள், பஸ் ஓட்டுகிற நான் உட்பட, ஒரு வகுப்பு முடித்தால்தான் வேலை என்று. எனக்குக் கொண்டாட்டம், ஐம்பத்தெட்டு வயசில் பள்ளிக்கூடம். கோச் ட்வைட்டுக்கு எரிச்சல், “கிளெண்டாக்கா, ஸ்டீரிங்கைப் புடிக்கறதுக்கும் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம், நேரத்துக்குப் புடிச்ச கேடு” என்றார். வகுப்பு எடுக்க வந்தது நோரீன் என்று ஒரு பெண்மணி, மனநல ஆலோசகர், அப்பா வழியில் ஐஸ்லாந்துக்காரி, குரல் மெதுவாக இருக்கும், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது. அவர் சொன்ன விதிகள் இவை: உடை மாற்றும் அறையில் ஒரு பையனோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பேர் வேண்டும். அந்த அறைக்குள் போனுக்கு இடமில்லை, வாசலில் ஒரு பெட்டி, எல்லாப் போனும் அதில். யாராவது யாரையாவது அவமானப்படுத்தினால் கிளப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அதிகாரியிடம் சொல்லலாம், அவருடைய நம்பர் பஸ் கண்ணாடியில்கூட ஒட்டியாகிவிட்டது. நான் கையைத் தூக்கித் தூக்கிக் கேள்வி கேட்டு நோரீனுக்கே தண்ணீர் தாகம் எடுத்துவிட்டது. ஒரு பையன் மனசு உடைந்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டுவிடுங்கள் என்றார், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, “கேட்டா அந்த நெனப்பை நாமளே கெளப்பிவிட்ட மாதிரி ஆயிடாதா?” என்றேன். “ஆகாது கிளெண்டா, பாரம் பாதி எறங்கும். கேட்டுட்டு வாயை மூடிக்கணும், அதுதான் கஷ்டம், உங்களுக்கு ரொம்பவே கஷ்டம்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

வகுப்பு முடிந்து காபி குடிக்கும்போது, இந்த வயசுப் பையன்கள் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறார்களே, அவர்களைப் பேச வைக்க எந்த இடம் நல்லது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பஸ்தான் என்றார். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க வேண்டாம், இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்கலாம், பேச்சு நின்றால் வெளியே பனி இருக்கிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. என் இருக்கைக்குப் பின்னால் தண்ணீர்ப் பெட்டி வைத்திருப்போமே, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டேன், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது பயணத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே, தான் தங்கியிருக்கும் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் பாடச் சொல்கிறார்கள், தனக்குப் பாட்டு வராது என்று சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் ஒருவன், அவனுடைய அப்பா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு போன் பண்ணி எத்தனை தப்பு செய்தான் என்று பட்டியல் படிக்கிறாராம். என் பின்மண்டையைப் பார்த்து இவ்வளவு பேசுவார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. “கிளெண்டாம்மா, நீங்க கேக்கறீங்களா தூங்கறீங்களா?” என்றுகூட ஒருவன் கேட்டான், வண்டி ஓட்டுகிறவளைப் பார்த்து.

அந்த வாரங்களில் எனக்கு ஒரே ஆச்சரியம், இத்தனை வருஷம் இத்தனை பேர் என் முதுகுக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்களே என்று. அப்புறம்தான் நான் காதை மூடிக்கொண்டு போன நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன. உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன், ஒளிக்கக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் ஒருமுறை சீனியர் பையன்கள் புதுப் பையன்கள் விதிப்படி பயணத்துக்குக் கட்டிவரும் டைகளைக் கழற்றி வாங்கி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முடிச்சாக இறுக்கி, அந்த நாலைந்து பேரையும் அந்த முடிச்சோடு பஸ் கழிப்பறைக்குள் திணித்து விளக்கை அணைத்துவிடுவார்கள். ஒரு ஆள் நிற்கவே திணறும் இடம் அது. இருட்டில் முடிச்சை அவிழ்த்து அவரவர் டையை அவரவர் கட்டிக்கொண்டால்தான் கதவு திறக்கும். உள்ளே இருந்து தட்டும் சத்தம் வர ஆரம்பித்ததும் பின்னால் இருந்து ஒரு குரல் கேட்கும், “கிளெண்டாம்மா, பாட்டு!” என்று. நான் ரேடியோ சத்தத்தைக் கூட்டுவேன். அதுதான் என் பங்கு. எனக்கு முன்னால் ஓட்டியவரும் அதையேதான் செய்தாராம், எனக்கு வண்டியைச் சொல்லிக்கொடுத்தபோது பிரேக், கியர், ஹீட்டர் என்று சொல்லிவிட்டு இதையும் அந்த வரிசையிலேயே சொல்லிக்கொடுத்தார்.

நீ டீமில் சேர்ந்தபோது சமையலறையில் நின்று என்னிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? “அம்மா, பஸ்ல நீ எனக்கு அம்மா கெடையாது, டிரைவர். பேர் சொல்லிக் கூப்புடாத, சாப்ட்டியான்னு கேக்காத, சரியா?” என்றாய், கையை நீட்டினாய், நானும் சிரித்துக்கொண்டே கை குலுக்கினேன். பெருமையாகக்கூட இருந்தது, பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று. சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினேன், உன் இருக்கை தெரியாதபடி கண்ணாடியைக்கூடச் சாய்த்து வைத்துக்கொண்டேன். அந்த அக்டோபரில் ஸ்விஃப்ட் கரன்ட் ஊருக்குப் போகிற வழியில் தட்டும் சத்தம் வந்தது. “பாட்டு!” என்றார்கள். கூட்டினேன். மறுநாள் உன் நீல டை துவைக்கப் போட்ட துணியில் பந்தாகச் சுருண்டு கிடந்தது, தண்ணீர் தெளித்து நான்தான் இஸ்திரி போட்டேன், மூன்று தடவை தேய்த்தும் சுருக்கம் போகவில்லை. எப்படிக் கசங்கியது என்று நான் கேட்கவில்லை கெல்பி. யார் எதைச் செய்தாலும் ஏன் எதற்கு என்று பிடுங்கி எடுக்கிற நான், என் சொந்தப் பிள்ளையின் டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த வருஷம் வகுப்பெல்லாம் நடந்திருக்கிறது, நம்பர் ஒட்டியிருக்கிறது, இனி நடக்காது என்றுதான் நினைத்திருந்தேன். ஜனவரி பதினொன்றாம் தேதி மதியம் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், தட்டும் சத்தம். ட்வைட் முன் இருக்கையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பழைய ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் இருந்து கேப்டன் கோல்ட்டன், “கிளெண்டாம்மா, பாட்டு!” என்றான். கை ரேடியோவுக்குப் போய்விட்டது, சத்தியமாகச் சொல்கிறேன், பழக்கம், போயேவிட்டது. அந்தக் கையாலேயே எச்சரிக்கை விளக்கைப் போட்டு வண்டியை ஓரம் கட்டினேன். சுற்றிலும் வெறும் பனி வயல், ஒரு தானியக் கிடங்கு, வேறு ஒன்றுமில்லை. எழுந்து நின்று, கதவைத் திறக்கும்வரை இந்த வண்டி நகராது என்றேன். “என்னம்மா, சும்மா வெளையாட்டுக்குத்தானே” என்று ஒருவன், “ஆட்டத்துக்கு லேட்டாயிடும்மா” என்று இன்னொருவன். ட்வைட் காதில் மாட்டியதைக் கழற்றி, “விடுங்கக்கா, நம்ம காலத்துல நடக்காததா, பசங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணா பழகட்டும்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் சாவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, “நாமளும் நாலு பேரு அதுக்குள்ள போயி ஒண்ணா பழகுவோமா ட்வைட், மொதல்ல நீங்க போங்க” என்றேன். அப்புறம் அவரே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். மூன்று பேர் தலையைச் சொறிந்துகொண்டு இளித்தபடி வந்தார்கள். நாலாவது ரைலன், பிளின் ஃப்ளானிலிருந்து வந்தவன், பதினாறு வயசு, அவனுக்கு மூச்சே வரவில்லை, உதடு வெளுத்துப்போய் டை முடிச்சை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தான், கொடு என்றால் கொடுக்கவில்லை.

டீமோடு வரும் மருந்துப் பெட்டிக்காரர் அவனைக் கூட்டிவந்து என் பின்னால் உட்கார வைத்து, அவரும் பக்கத்திலேயே இருந்து, சேர்ந்து மூச்சை எண்ணி எண்ணி விட்டார்கள். மூச்சு சீரான பிறகுதான் வண்டியை எடுத்தேன். நாற்பது கிலோமீட்டர் போனோம். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “ரைலன், செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணா?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நோரீன் சொன்னது சரி, என் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான். ரொம்ப நேரம் கழித்து அவன், “இல்லம்மா, அப்படியில்ல. வீட்டுக்குப் போகணும்னு தோணுது. நேத்து முந்தாநேத்து இல்ல, ரொம்ப நாளா தோணுது. ராவுல தூக்கமே வரல. ஆனா ஓடி வந்துட்டான்னு சொல்வாங்க” என்றான். அப்புறம் சொன்னான், “முழங்கால் வலின்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கல்ல?”

அதற்குப் பிறகு அந்த ரோடு எப்படிப் போனது என்று எனக்கு ஞாபகம் இல்லை, ஓட்டினேன், அவ்வளவுதான். பையன்கள் எல்லாரும் இறங்கின பிறகு ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதேன். அந்த டாக்டரின் அறையில் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினாரே, உன் முழங்கால் எலும்பு எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு அழகாக இருந்தது, நானும் உன் அப்பாவும் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னை யாருமே பார்க்கவில்லை.

அன்றைக்கே அந்த நம்பருக்குப் பேசினேன், பேசியது நான்தான் என்று எல்லாரிடமும் சொல்லியும்விட்டேன். ரைலனின் அம்மா வந்து அவனைக் கூட்டிப்போனாள், பதினைந்து நாள் வீட்டில் இருந்துவிட்டுப் போன செவ்வாய்க்கிழமை திரும்பி வந்திருக்கிறான், தானாகத்தான் வந்தான், நோரீன் வாரம் ஒருமுறை அவனோடு பேசுகிறார், இன்னும் ஒரு கோலும் போடவில்லை, அது கிடக்கட்டும். ட்வைட்டை இரண்டு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள், திரும்பி வந்து முதல் வேலையாக என்னிடம் வந்து, “எனக்குக் கேட்டுச்சுக்கா, காதுல ஒண்ணுமே ஓடல அப்போ” என்றார், அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். கோல்ட்டனுக்கு ஐந்து ஆட்டம் தடை, கேப்டன் பதவியும் போய்விட்டது. எனக்கு அவன்மேல் வெறுப்புத்தான் வரும் என்று நினைத்தேன், ஆனால் போன பயணத்தில் அந்தக் காலி இருக்கைக்கு வந்து உட்கார்ந்தான். என்னைத் திட்ட வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். “எங்க வருஷம் என்னையும் உள்ள வெச்சாங்கம்மா. நான் அழுதேன். இருட்டுல யாருக்கும் தெரியல” என்றான், அவ்வளவுதான், எழுந்து போய்விட்டான். உள்ளே அழுதவன் வெளியே வந்து எப்படிக் கதவைப் பூட்டுகிறான் கெல்பி? எத்தனை வருஷமாக இப்படிக் கைமாறி வந்திருக்கிறது, முதன்முதலில் யாருக்குத் தோன்றியது, எந்த ஒரு வருஷமாவது எவனாவது வேண்டாம் என்று சொன்னானா? நோரீனிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் ஒரு விசாரணையே வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரு படிவம் வந்திருக்கிறது, உள்ளதை உள்ளபடி எழுதித் தர வேண்டும்.

அதை எடுத்து மேசையில் வைத்ததும் உன் அப்பா, “எழுதாத கிளெண்டா, பஸ்ஸைப் புடுங்கிடுவாங்க, பதிமூணு வருஷம் கழிச்சு யாரு கேக்கப்போறா” என்றார். பிடுங்கினாலும் பிடுங்குவார்கள், நோரீனே சொன்னார், விசாரணை முடியும்வரை வேறு ஆளை ஓட்டச் சொல்லலாம் என்று. எனக்கு அந்த வண்டி எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும். அப்பா கீழே போய் முட்டைக்கோஸ் ஜாடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார், அரை மணி கழித்து மேலே வந்து, “எழுது. அவனைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னது நான், அதையும் சேத்து எழுது” என்றார். படிவத்தில் அதற்கு இடமில்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

படிவத்தை நேற்று முடித்துவிட்டேன். பார்த்தீர்களா என்று கேட்டிருந்தது, ஆமாம் என்று எழுதினேன். எத்தனை முறை என்பதற்குப் பதினாறு வருஷம், வருஷத்துக்கு ஒருமுறை என்று எழுதினேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு கேள்வி, அதற்கு மட்டும் பெரிதாக நாலு வரி இடம் விட்டிருந்தார்கள், நான் மூன்றே வார்த்தை எழுதினேன், ரேடியோ சத்தத்தைக் கூட்டினேன். அதற்குக் கீழே பாதிக்கப்பட்டவர்களின் பெயர்கள் என்று ஒரு கட்டம். ஞாபகம் இருந்தவர்களின் பெயரெல்லாம் நோரீனிடமே கொடுத்துவிட்டேன், அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்பார். ஒரு பெயரை மட்டும் கொடுக்கவில்லை, அதை நான்தான் கேட்க வேண்டும். அந்த அக்டோபரில் உள்ளே போனவர்களில் நீ இருந்தாயா, உள்ளே என்ன நடந்தது, அதனால்தான் ஆட்டத்தை விட்டாயா? நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தேதானே தட்டினாய்?

படிவத்தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும், அதற்குள் பதில் போடு, போனில் வேண்டாம், எழுது, முகம் பார்க்காமல் எழுது. பெயர் போட வேண்டாம் என்றால் போடமாட்டேன், ஆனால் எனக்கு மட்டுமாவது சொல். அங்கே பேச நல்ல ஆள் யாராவது இருந்தால் போய்ப் பேசு, ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று இருக்காதே, மேவிடமும் சொல். டெஸ்ஸை வெயிலில் தொப்பியில்லாமல் விடாதே. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், மனசில் ஒரு முள்ளும் இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், கடவுள் உங்கள் மூன்று பேரையும் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா’ என்று நீ எழுதினாலும் சரி என்று வாங்கிக்கொள்வேன், ஆனால் இன்னொரு தடவை கேட்பேன்.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா
கிளெண்டா பாவ்லுக்